சரித்திர நோட்டின் அட்டை

பள்ளியின் பழைய மாணவர் மலர் உங்களுக்கும் தபாலில் வந்திருக்கும். அதில் நம்மோடு படித்த ரயில்வே காலனி நண்பன் எழுதிய கட்டுரையைப் படித்திருப்பீர்கள். விண்வெளிப் படங்களை ஒட்டி ஆல்பம் செய்தது, நிலவின் தூளைப் பற்றி அவன் அப்பா விளக்கியது, கல்வி அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தது, எல்லாவற்றையும் நன்றாகவே எழுதியிருக்கிறான். உங்களில் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டு, "படிச்சியாடா? எனக்குக் கண்ல தண்ணியே வந்துடுச்சு" என்றீர்கள். எனக்கும் வந்தது. காரணம்தான் வேறு.

எழுபது நெருங்கும் வயதில் ஒரு நோட்டு அட்டைக்காகச் சண்டைக்குப் போவது நன்றாகவா இருக்கிறது என்று மனைவி கேட்கிறாள். சண்டைக்குப் போகவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மனிதன் நிலவில் இறங்கியதற்கு அடுத்த வருடம் அது. எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதுக்குப் போகும் ஜூன் மாதம். அப்போது நோட்டுக்கு அட்டை போட ரஷ்யப் பத்திரிகைத் தாள்தான் உசத்தி, நினைவிருக்கிறதா? வழவழவென்று இருக்கும். முகத்தருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் போல ஒரு மை வாசனை. ஒரு பக்கம் கோதுமை வயலில் டிராக்டர் ஓட்டும் பெண், மறுபக்கம் தலைக்கவசத்துக்குள் சிரிக்கும் விண்வெளி வீரர். எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்பது அட்டை போடுகிறவர் இஷ்டம். அமெரிக்கப் பத்திரிகைத் தாள் இன்னும் அபூர்வம். தாள் மெலிசு, ஆனால் அந்த அச்சு மையின் கறுப்பு அப்படி ஒரு கறுப்பு.

காலனி வீடுகளிலும் டீச்சர் வீடுகளிலும் அந்தப் பத்திரிகைகள் வரும். பம்மலில் கல்குவாரிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு எந்தத் தாளும் வராது. வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான்தான். கடையில் புளி மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட அம்மா நீவி வைத்திருந்து, "இதுல இன்னா போட்டுகீது, படி" என்பாள். பாதியில் கிழிந்த செய்தியைப் படிப்பேன். மீதியை அவளே கட்டிச் சொல்வாள்.

எனக்கு ஒரு வித்தை தெரியும். பசையோ ஊசியோ இல்லாமல், மூலை மடிப்பிலேயே நிற்கும்படி அட்டை போடுவேன். அந்த ஜூனில் கிழக்குத் தாம்பரத்தில் வீடு வீடாகப் போய்ப் புது நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பதிலாகக் கேட்டது ஒன்றுதான். பழைய நோட்டுகளைப் பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் அவற்றின் அட்டைகளை எனக்கு உருவிக் கொடுத்துவிட வேண்டும். உங்களில் சிலர் வீட்டுக்கும் வந்திருக்கிறேன்.

அப்படிச் சேர்ந்தவைதான் அந்தப் படங்கள். எல்லாவற்றிலும் நடுவில் முதுகு மடிப்பின் வெள்ளைக் கோடு. நிலவுக்கே ஒரு விரிசல் விட்டதுபோல. எல்லாவற்றிலும் ஒரு லேபிள். பெயர், வகுப்பு, பாடம். சோறு வடிக்கும் பானையின் ஆவியில் காட்டினால் மைதாப் பசையில் ஒட்டிய லேபிள் வாழைத்தோல் மாதிரி உரிந்து வரும்.

"சோத்துல காயிதத்த வுட்ட, துன்ன மாட்டேன் பாத்துக்க" என்று அம்மா கரண்டியை ஓங்குவாள்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் லேபிள் வரவில்லை. நிலவின் தூளில் பதிந்த காலடித் தடம். காலனி நண்பனின் சரித்திர நோட்டுக்குப் போட்டிருந்த அட்டை அது. அவன் மைதாவை நம்பாமல் ஆபீஸ் கோந்தில் ஒட்டியிருந்தான். இரண்டு தடவை ஆவியில் காட்டினேன். ஓரத்தில் கறுப்பு பெயர ஆரம்பித்ததும் பயந்து விட்டுவிட்டேன். ஆக, நிலவில் மனிதன் வைத்த காலடிக்கு மேலே என் நண்பனின் பெயர், எட்டாம் வகுப்பு பி பிரிவு, பாடம்: சரித்திரம்.

பழைய காலண்டர் அட்டைகளை அப்பா கோணி ஊசியால் தைத்து ஆல்பமாக்கிக் கொடுத்தார். படங்களை எந்த வரிசையில் ஒட்டுவது என்பதுதான் என் பெரிய கவலை. தாள்களில் வருடம் இல்லை. முதலில் மனிதரை ஒட்டி, பிறகு நாயை ஒட்டினேன். ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்துதானே நாயைக் கூட்டிக்கொண்டு போவார்? நாய்தான் முதலில் போனது, திரும்பி வரவே இல்லை, வர வைப்பதற்கு ஏற்பாடே செய்யவில்லை என்று விஞ்ஞான சார் சொன்ன பிறகு பிரித்து மாற்றி ஒட்டினேன்.

வீட்டில் அதைச் சொன்னதும் அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். காதை விறைத்துக்கொண்டு, பெல்ட் போட்ட யாரோ ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாய்.

"மூஞ்சிய பாரு, எப்டி நம்பிகினு கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு அந்தப் பக்கத்தை நான் காட்டும்போதெல்லாம் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

நாய்க்குப் பிறகு நிலவின் பின்பக்கம். கரி தேய்த்ததுபோல ஒரு படம். அப்புறம் சிரிக்கும் மனிதர், அப்புறம் பெண், அப்புறம் கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி வெளியில் மிதப்பவர், அப்புறம் நிலவின் விளிம்பில் நீலமாக எழும் நம் பூமி. கடைசியில் காலடி.

ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலை செய்த குவாரியில் கல்லை நொறுக்கும் கிரஷர் ஓடாது. அன்றைக்குத்தான் அப்பாவின் இமைமுடி கறுப்பாக இருக்கும். மற்ற நாளெல்லாம் கல்தூள் படிந்து வெள்ளை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, லுங்கியில் துடைத்து, அப்படியும் நம்பாமல் புறங்கையால் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். காலடிப் பக்கத்தில் நின்றார்.

"இது மணலு இல்ல" என்றார்.

"நிலாவுல இருக்கற மண்ணுபா."

"மண்ணும் இல்ல. அனகாபுத்தூர் ஆத்து மணல்ல கால வெச்சி எடு. ஓரம் சரிஞ்சிடும். ஏன்னா மணலு உருண்டை. இங்க பாரு, ஓரம் கத்தியால வெட்டி வெச்சா மாதிரி நிக்குது. இது ஒடஞ்ச கல்லு. நம்ம கிரஷர் தூளு."

"நிலாவுல ஏதுபா கிரஷர்?"

"அத்த நீ சொல்லு, நீதான் படிக்கிற. எவனோ ஒடச்சிகீறான்."

சொன்னதோடு விடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஓடாமல் நின்ற கிரஷரின் அடியில் குவிந்திருந்த காய்ந்த தூளில் வெறுங்காலை அழுத்தி எடுத்துக் காட்டினார். ஐந்து விரலும், குதிகால் வெடிப்பும்கூட, அச்சடித்ததுபோல நின்றன. சொட்டு ஈரம் இல்லை.

"ஒண்ண ஒண்ணு கட்சிகினு நிக்கும். அத்த உருட்டி மழுங்க வெக்க தண்ணி ஓடணும், காத்து அடிக்கணும். அங்க அத்தெல்லாம் கீதா?"

"இல்லபா. காத்தும் இல்ல, தண்ணியும் இல்ல."

"அப்ப கூரு அப்டியே இருக்கும்" என்று லுங்கியை மடித்துக் கட்டினார். இதைச் சொல்ல எந்தப் புத்தகமும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் விஞ்ஞான சார் அந்தக் காலடியைப் பற்றிப் பேசினார். அங்கே தரையில் கொஞ்சம் ஈரம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடம் நிற்காது என்றார். நான் எழுந்தேன்.

"ஈரம் இல்ல சார். கிரஷர் தூள் மாதிரி சார்."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பள்ளி முடியும்வரை எனக்குக் 'கிரஷர்' என்ற பெயர் நிலைத்தது அன்றைக்குத்தான். மறுநாள் பால்பவுடர் டப்பா நிறையத் தூள் கொண்டுபோய் மேடையில் கொட்டிப் பரப்பினேன். வகுப்பில் ஷூ போட்டிருந்தவர் சார் ஒருவர்தான்.

"நீங்களே ஒரு அடி வைங்க சார்."

வைத்தார். எடுத்தார். அடிப்பாகத்துக் கோடுகள் ஒவ்வொன்றும் நின்றன. யாரும் சிரிக்கவில்லை. சார் கைக்குட்டையை எடுத்து ஷூவின் ஓரத்தை மெதுவாக, வெகு நேரம் துடைத்தார்.

"குட். உட்காரு" என்றார்.

அவர் துடைத்த விதத்தை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்.

சார் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார். ஜனவரியில் பள்ளிக் கண்காட்சி, கல்வி அதிகாரி வருகிறார், ஆல்பத்தை வைக்கலாம், நீயே பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்லலாம் என்றார். என் பெயரை ஆல்பத்தின் முன்பக்கத்தில் எழுதப் போனேன். தடுத்துவிட்டார்.

"உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்ப்பா. விடு, நானே இண்டியன் இங்க்ல அழகா எழுதிடறேன்."

அதைக் கௌரவம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மனிதர், "நீ பேசுவியா? எல்லார் முன்னாலயும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, மேஸ்திரியிடம் அரை நாள் லீவு சொல்லி வைத்தார். நான் அங்கே அப்பா முன்னால் அப்பாவைச் சொல்லப் போகிறேன். அந்த மூன்று மாதமும் எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

பேச்சை நானே எழுதினேன். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில், பல்லாவரம் போகும் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒப்பிப்பேன். காலனி நண்பன் பெஞ்சில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துத் திருத்துவான். உண்மையிலேயே உதவினான். அதை மறைக்க மாட்டேன்.

"வேகமா சொல்லாதடா. நாய் திரும்பி வரலைன்னு சொன்னதும் ஒரு செகண்ட் நிறுத்து. அப்பத்தான் எஃபெக்ட்."

பேச்சு இப்படி முடியும்: 'இதை எனக்குச் சொன்னவர் என் அப்பா. அவர் கல் உடைப்பவர்.'

ஒருநாள் அந்த இடத்தில் நண்பன் தலையைச் சொறிந்தான்.

"கடைசி வரி வேணுமாடா?"

"ஏன்?"

"இல்ல, பெரிய பெரிய ஆளுங்க வருவாங்க. கல் உடைப்பவர்னு சொன்னா பின்னாடி நம்ம பசங்களே சிரிப்பானுங்க. உன்னையே கிரஷர்ங்கறானுங்க. அப்பான்னு சொன்னா போதாதா? அப்பான்னா அப்பாதானேடா."

ரயில் வரும் வரைக்கும் யோசித்தேன். பென்சில் அவன் கையில் இருந்தது. வாங்கி, நானேதான் அடித்தேன்.

கண்காட்சி அன்று அப்பா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். காது மடலுக்குப் பின்னால் மட்டும் தூள் போகவில்லை. சுவரோரமாக, செருப்பை வெளியே கழற்றிவிட்டு நின்றார். மற்ற பெற்றோர் யாரும் செருப்பைக் கழற்றவில்லை.

மேசையில் ஆல்பம், பக்கத்தில் தட்டில் பரப்பிய தூள். முன்பக்கத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது. மறந்திருப்பார், வந்ததும் எழுதுவார் என்று நினைத்துக்கொண்டேன். சார் வந்தார், மேசை விரிப்பை நேராக்கினார், போய்விட்டார்.

அதிகாரி அவசரத்தில் இருந்தார். கூட்டமாக வந்தவர்கள் ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தார்கள். காலடி. அதிகாரி குனிந்து கண்ணாடியைச் சரிசெய்து, லேபிளில் இருந்த பெயரை உரக்கப் படித்தார்.

"யாரு இந்தப் பையன்?"

நண்பன் அடுத்த மேசையில் தன் காந்த மாடலோடு நின்றிருந்தான். தன் பெயர் கேட்டதும், வகுப்பில் 'பிரசன்ட் சார்' சொல்வதுபோலக் கையைத் தூக்கிவிட்டான். அது திட்டமில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன்.

சார் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார், நான் வெறுங்காலோடு இருந்தேன். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"இவன்தான் சார். நல்லா பேசுவான். வாப்பா, சொல்லு."

நண்பன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்தானா, வேண்டாம் என்று சொல்வேன் என்றா, தெரியாது. நான் எதுவும் செய்யவில்லை. அவன் பேசினான். மூன்று மாதம் திருத்தியவன், ஒரு சொல் பிசகவில்லை. நாய் திரும்பி வரவில்லை என்ற இடத்தில் ஒரு செகண்ட் நிறுத்தினான். கண்காட்சிக்கென்று போட்டுவந்த ஷூ காலைத் தட்டில் வைத்து எடுத்துக் காட்டினான். கடைசி வரிக்கு வந்தான்.

"இதை எனக்குச் சொன்னவர் என் அப்பா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சுவரோரம் நின்ற என் அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். சட்டை முனையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்படியா! அப்பா என்ன வேலை பாக்கறார்?" என்றார் அதிகாரி.

"ஹெட் கிளார்க் சார்."

"அதான்! படிச்ச வீட்டுப் பையன்னா இப்படித்தான்" என்று முதுகில் தட்டினார். எல்லோரும் கை தட்டினீர்கள். என் அப்பா முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். சத்தமே வரவில்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. சானடோரியம் தாண்டி, குரோம்பேட்டை தாண்டினோம். அப்பா வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"ஏண்டா, நீ ஏன் வாயத் தொறக்கல?"

"படத்து மேல அவன் பேரு இருந்திச்சிபா."

"காயிதத்துல பேரு கீதுன்னா அது அவன்து ஆயிடுமா?"

"ஆயிடும்பா."

"அப்ப நீ எழுதறதுக்கு இன்னா? எனக்குத்தான் தெரியாது. உனக்குத் தெரியுமே."

"சார் எழுதறேன்னாருபா."

அவர் என்னை நம்பவில்லை. எழுதத் தெரிந்த ஒருவன் தன் பொருளில் தன் பெயரை எழுத இன்னொருவருக்காகக் காத்திருப்பான் என்பது அவருக்குப் புரியவே இல்லை. லேபிள் என்பதே, எழுத்து தெரியாத மனிதருக்கு, ஒரு சாக்காகத்தான் கேட்டிருக்கும். பல்லாவரத்தில் இறங்கும்போது சொன்னார்.

"உங்கப்பன் வந்து நிக்கறான்னு உனக்கு வெக்கமா பூடுச்சி. அதான் அந்தப் புள்ளய வுட்டு சொல்ல வெச்சிட்ட. சர்தான், வுடு. அவன் நல்லாத்தான் சொன்னான்."

"இல்லபா, சத்தியமா இல்லபா" என்று குவாரி வரைக்கும் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஆனால் அந்த அடித்த வரி எனக்குத் தெரியுமே. அவருக்குத்தான் தெரியாது. அதனால் என் குரலில் வர வேண்டிய உறுதி வரவில்லை.

அதிகாரி ஆல்பத்தை மாவட்டக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போனார். கேட்கும்போதெல்லாம் சார், "வரும்ப்பா, வரும்" என்றார். வரவில்லை. அடுத்த ஜூனில் அட்டை போட்டுத்தரச் சொல்லி நண்பன் நோட்டுகளைக் கொண்டுவந்தான். போட்டுக் கொடுத்தேன். பழைய அட்டைகளை உருவி நீட்டினான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னாடா மச்சான், கோபமா? நீயும் ஒரு வார்த்தை சொல்லலையேடா" என்றான். அதுவும் உண்மைதான்.

அப்பா அதன்பிறகு எந்தப் படத்தையும் பார்க்கக் கேட்டதில்லை. நான் வேலைக்குப் போனேன், வீடு கட்டினேன், குவாரியை விடச் சொன்னேன். விடவில்லை. ஐம்பதைத் தாண்டவும் இல்லை. கூர் மழுங்காத தூள் நெஞ்சுக்குள்ளும் கடித்துக்கொண்டு நிற்கும் என்பதை டாக்டர் வேறு வார்த்தைகளில் சொன்னார். கடைசி மாதத்தில் ஒருநாள், லேபிள் கதையை மறுபடி ஆரம்பித்தேன். "இன்னும் அத்தயே நெனச்சிகினு கீறியா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இத்தனை வருடமும் நண்பனை நான் மன்னித்துத்தான் வைத்திருந்தேன். பதின்மூன்று வயதுப் பையன், பெயரைக் கூப்பிட்டார்கள், கையைத் தூக்கினான். ஆனால் மலரில் எழுதியவனுக்குப் பதின்மூன்று வயதில்லை. தன் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னைக் கூட்டிப்போய்த் தூளில் வெறுங்காலை அழுத்திக் காட்டினார் என்று எழுதியிருக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்டுக்கொண்ட கதை அது. அவன் அப்பா ஆபீஸுக்கு ஷூ போட்டுக்கொண்டு போனவர். குதிகால் வெடிப்பு வரைக்கும் எழுதியிருக்கிறான்.

ஆகவே உடன் படித்தவர்களே, என் பேச்சின் கடைசி இரண்டு வரிகளை இப்போது சொல்லிவிடுகிறேன். கை தட்ட வேண்டாம்.

இதை எனக்குச் சொன்னவர் என் அப்பா. அவர் கல் உடைப்பவர்.